பால் கேட்ட அப்பத்தா

நடுவருக்கு வணக்கம். குன்னூர் சனங்களுக்கு அதைவிடப் பெரிய வணக்கம். "மலையில் சாப்பாட்டுச் சுகம் அன்றா, இன்றா?" நான் அன்று.

எதிரணித் தம்பி ஒரு குத்து விட்டுட்டுப் போனார்: "எட்டு மணிக்கே கம்பளிக்குள்ள புகுந்த ஊரு, இவங்களுக்கு நைட் கிளப் ஞாபகமாம்!" நீங்களும் கை தட்டுனீங்க. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

தம்பி, 1882-லேயே ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கருக்கு, அதான் மேசையில கோல் வச்சுப் பந்து தள்ளுற ஆட்டத்துக்கு, விதி எழுதி வச்சு ஆடினான் வெள்ளைக்காரன். நம்ம தாத்தன்மாரும் உள்ளே போனாங்க, தட்டு ஏந்திக்கிட்டு! நமக்கு நைட் கிளப் எது? ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் சினிமா தியேட்டர்ல செகண்ட் ஷோ விட்டதும் வெளியே நிக்குற தள்ளுவண்டி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். கொத்து பரோட்டாக்காரர் கல்லுல போடுறதுதான் தாளம். குளிருக்கு நாங்க ஆடின ஆட்டத்துக்கு டிக்கெட்டே கிடையாது!

நைட் கிளப்பை விடுங்க, ஹோட்டலுக்கு வரேன். மதுரையிலிருந்து வந்த எங்க அப்பத்தாவை அப்பா ஊட்டியில சீன ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார். நூடுல்ஸ் வந்துச்சு. அப்பத்தா உத்துப் பார்த்தா. "இடியாப்பத்துக்குத் தேங்காப்பால் எங்கடா?"

சர்வர் உள்ளே போனார். நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். அஞ்சு நிமிஷம். திரும்பி வந்தார், கையில ஒரு டம்ளர். பசும்பால், சர்க்கரை போட்டு! அப்பத்தா அப்படியே ஊத்திப் பிசைஞ்சா. நடுவர் சிரிக்காதீங்க, மார்க் போடணும். முழுசாச் சாப்பிட்டுட்டு தீர்ப்பு சொன்னா: "வேக்காடு பத்தாது. ஆனா பிழிஞ்சவன் கைகாரன்!"

ஊருக்குப் போய் அவ இதைச் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துச்சு. மொதல்ல முதலாளி எந்திரிச்சு வந்தாராம். அப்புறம் சமையல்காரர் கும்பிட்டாராம். கடைசியில, "சீனாக்காரனுக்கே இடியாப்பம் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்!"

நேத்து என் பையன் போனைத் தொட்டான், நூடுல்ஸ் வாசலுக்கு வந்துச்சு. பால் கேட்டா, தம்பி, கொண்டுவர ஆள் இருக்கா?

"பழைய ஹோட்டல்ல ஈ மொய்க்கும்"னும் எதிரணித் தம்பி சொன்னார். மொய்ச்சது, ஒத்துக்குறேன். மேலே போவோம்.

2009 நவம்பர். ஊட்டிக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. இங்கே அதில் ஆளை இழந்தவங்க உட்கார்ந்திருக்கீங்க. ரோடு கிடையாது, ரயில் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழைய மெஸ்காரர் அடுப்பை அணைக்கலை. அரிசி குறையக் குறையக் கஞ்சியாக்கினார். பணத்தை நீட்டினவனைத் திட்டினார்: "மொதல்ல வீட்டுக்குப் போன் போட்டியாடா?"

இது தலைப்புக்குப் பொருந்துமான்னு நடுவர் கேட்பார். எனக்குத் தெரியாதுங்கய்யா. அந்த மெஸ் இருந்த இடத்துல இன்னைக்கு செல்போன் கடை. எனக்குத் தட்ட வேண்டாம். அந்த மனுஷனுக்கு ஒரு தட்டு தட்டுங்க. இன்னும் பலமா! மணி அடிச்சாச்சா? அடிங்க.