கார்ப்பரேட்டர் மாருதி 800: ஸ்டார்ட் ஆக அடம், ஓடும்போது திடீர் நிறுத்தம்

[காட்சி: திறந்த பானட், எஞ்சின்]

வணக்கம். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சோர்வாகச் சுற்றுகிறது. நாலைந்து முறை முயன்ற பிறகே எஞ்சின் பிடிக்கிறது. அப்படிக் கிளம்பிய வண்டியும் இருபது நிமிடம் ஓடியபின் நின்றுபோய், அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடுகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள மாருதி 800 வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. பிளக், கார்ப்பரேட்டர் கிட், பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை இழப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தாலே போதும்.

[காட்சி: பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர்]

முதலில் ஸ்டார்ட்டிங். இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இறங்காமலே செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து மறுபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரில்தான் கோளாறு. எங்களிடம் வந்த ஒரு வண்டியில் புதிய பேட்டரி போட்ட பிறகும் இதே தொல்லை இருந்தது. எர்த் வயரைக் கழற்றியபோது, அதன் நுனியிலுள்ள உலோக வளையமான லக்குக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் செல்ஃப் வேகமாகச் சுற்றியது.

செல்ஃபை விடும் கணத்தில்தான் எஞ்சின் பிடிக்கிறது என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை இழுக்கும்போது, பிளக்கின் பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்கு வோல்டேஜ் போதாமல் ஸ்பார்க் பலவீனமாகிறது என்பதற்கு அது அடையாளம்.

[காட்சி: டாஷ்போர்டில் ஒட்டிய சிறு பல்பு]

அடுத்தது, ஓடும்போது நிற்பது. சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். இழுத்து இழுத்து, திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். ஆனால் ஊகத்தோடு நிற்க வேண்டாம். காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் போட்ட நீண்ட வயர் ஒன்றை இழுத்து, 12 வோல்ட் சிறு பல்பின் ஒரு முனையில் இணைத்து, மறுமுனையை வண்டியின் வெறும் உலோகத்தில் இணைத்து எர்த் செய்து, பல்பை டாஷ்போர்டில் ஒட்டிவிட்டு வண்டியை ஓட்டுங்கள். எஞ்சின் நிற்கும்போது பல்பும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ், இடையிலுள்ள கனெக்டர் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். கனமான சாவிக்கொத்து பல ஆண்டுகள் தொங்கித் தேய்ந்த சுவிட்ச்சும் இதில் அடக்கம்.

பல்பு எரிந்துகொண்டே இருந்து எஞ்சின் மட்டும் நின்றால், சூடு ஆறுவதற்குள், நின்ற இடத்திலேயே பாருங்கள். நல்ல பிளக் ஒன்றை, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொண்டுவரும் ஹைடென்ஷன் வயரில் செருகி, பெட்ரோல் கசிவு ஏதும் இல்லையென்று உறுதிசெய்த பின், காப்பிட்ட இடுக்கியால் பிடித்து எஞ்சின் உலோகத்தில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வரவில்லை என்றால் காயில், அதிலிருந்து பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தேடுங்கள். சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறுவது பழைய காயிலுக்கும், காயிலை இயக்கும் மின்னணுப் பாகமான இக்னிட்டருக்கும் உள்ள குணம்.

பொறி நன்றாக வந்தால் ஏர் கிளீனரைத் திறந்து, சற்று விலகி நின்று கார்ப்பரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறையான ஃப்ளோட் சேம்பர் பெரும்பாலும் காலி. ஃபில்டர், வெடித்த ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப்பின் சவ்வு (டயாஃப்ரம்), டேங்கினுள் காற்று நுழையும் வழி என்ற வரிசையில் பாருங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்தவுடன் உஸ்ஸென்று காற்று உள்ளே போய் வண்டியும் ஓடினால், அடைப்பு அந்தக் காற்று வழியில்தான்.

பழுதைச் சரிசெய்தபின் பல்பைக் கழற்றாமல், முன்பு நின்ற அதே தூரத்துக்கு, அதே உச்சிவெயிலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.