தொட்டியில் செர்ரி தக்காளி: விதை முதல் பழம் வரை வேரைக் கவனித்து வளர்ப்பது எப்படி?

[காட்சி: ஆளுயரச் செடி, கீழே உதிர்ந்து கிடக்கும் பூக்கள்]

செடி ஆளுயரம் வளர்ந்துவிடும். பூவும் கொத்துக் கொத்தாக வரும். காய் மட்டும் பிடிக்காது. பிடித்தாலும் பழுக்கிற நேரத்தில் வெடித்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கைப்பிடி உரம் போடுவார்கள். அப்போதும் சரியாகாது. ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் வேரில் இருக்கிறது. ஒன்று, வேர் ஓட இடமில்லை; இல்லையென்றால், மண் ஒரு நாள் சேறாகவும் மறுநாள் பொடியாகவும் மாறுகிறது.

அதனால் முதலில் தொட்டி. விதைப் பாக்கெட்டில் கொடி ரகமா, குட்டை ரகமா என்று பாருங்கள். கொடி ரகம் 6 அடியையும் தாண்டும், நுனி வளர்ந்துகொண்டே இருக்கும், பல மாதம் காய்க்கும். அதற்கு 20 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி வேண்டும், ஆழம் ஓர் அடிக்குக் குறையக் கூடாது. குட்டை ரகம் இரண்டு, மூன்று அடியில் நின்றுவிடும். 10 லிட்டர் போதும். எந்த ரகமானாலும் ஒரு தொட்டிக்கு ஒரே செடி. இரண்டு வைத்தால் காய் இரட்டிப்பாகாது, இரண்டும் நலிந்துபோகும்.

[காட்சி: குழித்தட்டு, கோகோபீட், சலித்த மண்புழு உரம்]

விதைக்க கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. கட்டியாக வரும் கோகோபீட்டில் உப்பு இருக்கலாம். ஊறவைத்து இரண்டு, மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். கலவையைக் கையில் இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். அதுதான் சரியான ஈரம்.

ஒரு குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தட்டை மூடி, 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ள இடத்தில் வைத்தால் 5 முதல் 10 நாளில் முளைக்கும். அதுவரை வெளிச்சம் தேவையில்லை. முதல் முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே வெளிச்சம் அதிகமான இடத்துக்குத் தட்டை மாற்றுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். இரண்டும் முளைத்திருந்தால் மெலிந்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து அசையும்.

இந்தக் கட்டத்தில் நிறைய நாற்று சாவதற்குக் காரணம் நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் இளைத்து, பழுப்பாகி, நாற்று ஒரே இரவில் படுத்துவிடும். ஈரம் மிகுந்து காற்று ஓடாத இடத்தில் பூஞ்சை பெருகுவதால் வருவது. படுத்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம். மேலிருந்து ஊற்றாமல், தட்டை ஆழமில்லாத தண்ணீரில் 15 நிமிடம் வைத்து எடுங்கள், மேல் பரப்பு காய்ந்த பிறகு மட்டும். நாற்றுத் தட்டில் தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம்.

[காட்சி: நாற்றைக் கோப்பைக்கு மாற்றுவது, அண்மைக் காட்சி]

முதலில் வருவது வித்திலை. அதற்குப் பிறகு, ஓரம் வெட்டுப்பட்ட உண்மை இலை மூன்று, நான்கு வந்ததும் நாற்றை 10 சென்டிமீட்டர் கோப்பைக்கு மாற்றுங்கள். தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டை வேண்டாம். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போயிற்று. வித்திலை வரை மண்ணுக்குள் புதையுங்கள்.

மிளகாயையோ கத்தரியையோ இப்படிப் புதைக்க மாட்டோம். தக்காளித் தண்டு வேறு மாதிரி. மண் பட்ட இடமெல்லாம் அதில் வேர் விடும். பெரிய தொட்டிக்கு மாற்றும்போது இதையே இன்னும் துணிந்து செய்யலாம். விதைத்து ஐந்து, ஆறு வாரத்தில் நாற்று ஒரு சாண் உயரம் இருக்கும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிக்கு மேல் உள்ளே போகும்படி நடுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம், முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வெயிலுக்குப் பழக்க வேண்டும். பழக்காமல் வைத்தால் இலை வெளுத்துக் கருகும்.

தொட்டிக் கலவைக்குத் தோட்ட மண், மக்கிய உரம், கோகோபீட் மூன்றும் சம பங்கு. ஊன்றுகோலை நடும் அன்றே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தண்ணீருக்குக் கணக்கு இல்லை, விரல்தான் அளவு. விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு போட்டால் ஈரம் சீராக நிற்கும். பழம் வெடிப்பதற்குக் காரணம் இந்த ஈர ஏற்ற இறக்கம். வறண்ட செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் பழத்தின் உள்ளே சதை வேகமாகப் பெருகும், தோல் ஈடுகொடுக்காது. பழத்தின் அடி கறுத்துக் குழிவதும் பெரும்பாலும் இதனால்தான். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். முட்டை ஓட்டைப் போட்டால் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மக்கவே பல மாதம் ஆகும். தண்ணீரைச் சீராக்குங்கள்.

[காட்சி: பூக்காம்பை விரலால் சுண்டுவது]

பூ வந்த பிறகு தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்து, சாம்பல் சத்து (பொட்டாஷ்) கூடுதலான உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் கரும்பச்சை இலையாகவே வளரும். தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் குலுக்கல் வேண்டும். காற்றும் தேனீயும் வராத இடமாக இருந்தால், காலையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவில் 13 டிகிரிக்குக் கீழே போனாலோ பூ உதிரும். வெப்பத்தில் பிற்பகல் நிழல் கொடுத்துக் காத்திருங்கள், உரத்தால் அதைத் திருத்த முடியாது.

கொடி ரகத்தில் இலைக்கும் தண்டுக்கும் இடையே வரும் பக்கத் தளிரை விரல் நீளத்திலேயே கிள்ளி, ஒன்று அல்லது இரண்டு தண்டு மட்டும் விடுங்கள். கிள்ளிய தளிரைத் தண்ணீரில் வைத்தால் வேர் விட்டு இன்னொரு செடியாகும். குட்டை ரகத்தில் கிள்ளவே கூடாது, விளைச்சல் அந்தக் கிளைகளில்தான்.

இலைக்கு அடியில் வெள்ளை ஈ தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு திரவ சோப்பும் கலந்து, வாரம் ஒருமுறை, மாலையில், இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். இந்த ஈ இலைச்சுருள் வைரஸைப் பரப்பும். நுனி இலைகள் சுருங்கி மேல்நோக்கிச் சுருண்டு, வளர்ச்சியும் நின்ற செடிக்கு மருந்தில்லை, அகற்றிவிடுங்கள்.

நட்டு இரண்டு மாத அளவில் பழம் வரும். முழு நிறம் வந்ததும் பறியுங்கள். கனமழை வரும் என்று தெரிந்தால், நிறம் மாறத் தொடங்கியவற்றையும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். குளிர்பெட்டி வேண்டாம், மணம் போய்விடும்.

விதை எடுக்கவும் நினைத்தால், வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்தில் எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாய்ச்செடி போல வராது. நாட்டு ரகத்தில், நன்கு கனிந்த பழத்தைப் பிழிந்து இரண்டு, மூன்று நாள் புளிக்கவிட்டால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு கரையும். அலசிப் பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள், காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்றுப்புகாத டப்பாவில் ரகமும் தேதியும் எழுதி வைத்தால் மூன்று, நான்கு வருடம் முளைப்புத்திறன் இருக்கும்.