மருவும் செடிப் பாலும்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளின் விரலில் மரு கண்டால் அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவுவது கோபி, காங்கேயம் பக்கத்து வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். "பத்து நாள் வச்சோம், உதிர்ந்துருச்சுங்க" என்று சிகிச்சை அறையில் தாய்மார்கள் சொல்லும்போது, அவர்கள் கண்ணால் கண்டதை நான் மறுப்பதில்லை. ஆனால் மரு என்பது பாப்பிலோமா வைரஸால் வருவது. உடலின் எதிர்ப்பாற்றல் அதை இனங்கண்டுகொண்டதும் மரு தானாகவே மறையும். குழந்தைகளின் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் இப்படி மறைந்துவிடுவதால், ஒன்றும் தடவாத மருக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உதிர்த்தது செடிப் பாலா, உடலா என்று சொல்ல முடியும்.

இவ்வகை ஒப்பீட்டில் தேறிய ஒரு செடி நமக்கு அருகிலேயே, வால்பாறைச் சரிவுகளில் விளைகிறது. பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டசின் என்னும் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்துச் செய்த 15 விழுக்காட்டுக் களிம்புக்கு, பிறப்புறுப்பைச் சுற்றி வரும் மருக்களுக்கான மருந்தாக 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. நாளைக்கு மூன்று முறை, 16 வாரம் வரை தடவியவர்களில் சுமார் 54 விழுக்காட்டினருக்கு மருக்கள் முழுதும் மறைந்தன. மருந்து சேராத வெறுங்களிம்பைத் தடவியவர்களிலும் 35 விழுக்காட்டினருக்கு மறைந்தன. அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் செடியின் பங்கு எவ்வளவு என்பதை அதுவே அளந்து காட்டுகிறது. தேநீர் வடித்த சக்கையை வைத்துக் கட்டுவது இதற்கு ஈடாகாது.

அத்திப் பாலையும் சோதித்திருக்கிறார்கள். ஈரானில் 25 பேருக்கு ஒரு பக்கத்து மருவில் அத்திப் பாலைத் தடவி, மறுபக்கத்து மருவைக் குளிரால் உறைய வைத்து ஒப்பிட்டார்கள். உறைய வைத்ததே சற்று மேலாக இருந்தது. தவிர, அவர்கள் பயன்படுத்தியது சீமை அத்தி. நம் ஆற்றோரங்களில் வளரும் நாட்டு அத்தி வேறு மரம்.

அக்கிக்கு வேப்பிலை அரைத்துப் பூசுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேம்பின் பட்டைச் சாறு ஒருவகை ஹெர்ப்பிஸ் வைரஸைத் தடுத்தது ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில்தான். அக்கியைத் தருவதோ சின்னம்மை வைரஸ். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதே நல்லது என்பதால், பூச்சை நம்பி அந்த மூன்று நாளைக் கடத்திவிடாதீர்கள்.

இமையோரத்து மருவுக்கு மட்டும் அம்மான் பச்சரிசியோ கள்ளியோ வேண்டவே வேண்டாம். அந்தப் பால் கருவிழியைப் புண்ணாக்கும். தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.