அட்டையில் யார் பெயர்?

அவையோருக்கு வணக்கம்.

கண்காட்சிக்குப் போனால் நாம் பொருளைப் பார்க்கிறோம். நான் இன்று அதன் கீழே இருக்கும் சின்ன அட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் யார் பெயரைப் போடுவது என்பதில் நூறு வருஷத்துச் சண்டை ஒன்று இருக்கிறது.

2022-இல் தென்கொரியாவின் சியோல் கைவினைக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. லோவே என்ற ஸ்பானிய ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் அறக்கட்டளை தரும் கைவினைப் பரிசுக்கு இறுதிச் சுற்று வரை வந்த 30 கலைஞர்களின் படைப்புகள். பரிசு வாங்கியது குதிரைமயிரில் பின்னிய ஒரு கூடை. செய்தவர் ஜோங் தாஹே என்ற கொரியப் பெண். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் கூடை. மயிரிழைகளைத் தவிர அதைத் தாங்கி நிற்க வேறு எதுவும் இல்லை.

இந்தப் பின்னல் அவர் கண்டுபிடித்ததல்ல. சோசன் அரசர்கள் காலத்தில் கொரிய ஆண்கள் குதிரைமயிர்த் தொப்பியும் தலைப்பட்டையும் அணிந்தார்கள். அவற்றைப் பெருமளவில் பின்னித் தந்தவர்கள் ஜேஜு தீவுப் பெண்கள். பிற்காலத்தில் ஆண்கள் குடுமியை வெட்டிக்கொண்டார்கள், குடுமிக்கு மேல் அணிந்த தொப்பியும் போயிற்று. அந்தத் தீவிலிருந்து வந்தவர்தான் தாஹே. இன்று அவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்தப் பாட்டிகளில் எத்தனை பேர் பெயரை நம்மால் சொல்ல முடியும்?

பெயர் வேண்டியதில்லை என்றே ஒருவர் வாதிட்டார். யானகி சோயெட்சு. ஜப்பான்காரர், கலைச் சிந்தனையாளர். சோசன் காலத்துச் சாதாரணப் பீங்கானில் மனதைப் பறிகொடுத்து, 1924-இல் இதே சியோலில், கியோங்போக் அரண்மனை வளாகத்தில் கொரிய நாட்டார் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்தார். கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. ஆள்கிற நாட்டுக்காரர் ஆளப்படுகிறவர்களின் கிண்ணத்தைக் கொண்டாடினார் என்பதை மறக்கக் கூடாது. 1936-இல் டோக்கியோவின் கொமாபா பகுதியில் ஜப்பான் நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்தார். அங்கே விளக்க அட்டைகள் மிகச் சுருக்கம்: கறுப்புப் பலகை, செந்நிற எழுத்து, இரண்டொரு வரி. முதலில் பார், பிறகு தெரிந்துகொள் என்பது அவர் கட்சி. ஒரே கிண்ணத்தை ஆயிரம் தடவை வனைகிறவன் கை ‘நான்’ என்பதை மறந்துவிடுகிறது, அழகு அங்கேதான் பிறக்கிறது என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் இல்லாமை யாருக்கு விதிக்கப்பட்டது என்று பாருங்கள். யானகிக்குப் பெயர் உண்டு. அவருடைய நண்பரான குயவர் ஹமாடா ஷோஜி தம் பானைகளில் கையொப்பம் போடுவதை விட்டுவிட்டார். 1955-இல் ஜப்பான் அரசாங்கம் அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ ஆக்கியது, கைவினை வல்லுநர்களுக்குத் தரும் பட்டம் அது. கையெழுத்து இல்லாவிட்டாலும் அது ஹமாடாவின் பானை என்று வாங்குகிறவனுக்குத் தெரியும். இன்னொரு நண்பர், குயவர் கவாய் கன்ஜிரோ, அந்தப் பட்டமே வேண்டாம் என்று மறுத்தார். அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனாலும் மறுப்பதற்குக்கூட முதலில் ஒருவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கிராமத்துக் குயவனிடம் யார் கேட்டார்கள்?

நம் ஊருக்கு வருகிறேன். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நல்ல காரியம், போலிப் பாயைத் தடுக்க உதவும். ஆனால் அது ஊரின் பெயரைத்தான் காக்கும். கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி, தறியில் உட்கார்ந்த கையின் பெயர் அதில் வராது. வடிவமைப்பாளரும் நெசவாளரும் சேர்ந்து செய்த பொருள்களைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். அட்டையில் முதலாமவர் பெயர், படித்த கல்லூரி, வாங்கிய விருது எல்லாம் இருக்கும். இரண்டாமவர் ‘உள்ளூர்க் கைவினைஞர்கள்’ என்ற பன்மைக்குள் அடங்கிவிடுவார்.

இங்கே வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் நிறைய வந்திருக்கிறீர்கள். ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு அட்டை எழுதும்போது நெய்தவர், வார்த்தவர், கடைந்தவர் பெயரை உங்கள் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், சரி, விட்டுவிடுங்கள்.