தூணில் கேட்ட இசை யாருடையது?

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். 'மனம் இயற்கைக்கு உள்ளேயா, வெளியேயா' என்பது தலைப்பு, நான் 'உள்ளே' அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்கள் நிற்கிற நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துக்கே நம்மைக் கூட்டிப்போனார். தூணைத் தட்டினால் கல் அதிரும், காற்று அதிரும், வெளியே இருப்பது அவ்வளவுதான், இசை நம் மண்டைக்குள் மட்டும் நடக்கிற சங்கதி என்றார். கைதட்டலும் வாங்கினார்.

இதே வாதத்தைத்தான் ஆங்கிலேயத் தத்துவஞானி ஒயிட்ஹெட் 1920-இல் 'இயற்கை என்னும் கருத்து' நூலில் மறுத்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அவர், அறிவியல் தெரியாமல் பேசுகிறார் என்று தள்ளிவிட முடியாது. கண்ணுக்குத் தெரிகிற அந்திச் சிவப்பு ஒரு பக்கம், அதற்குக் காரணமான மூலக்கூறுகள் இன்னொரு பக்கம் என்று இயற்கையை இரண்டாகப் பிளக்காதீர்கள், இரண்டுமே இயற்கைதான் என்றார். சரிதானே? அதிர்வைக் கண்டுபிடித்தவரும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். பார்த்ததும் கேட்டதும் வெறும் மனத்தின் ஜோடனை என்றால் அந்த அதிர்வுக்கு யார் சாட்சி?

அப்படியானால் கல்லுக்கும் மனசு உண்டா என்று அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. கல் யோசிக்கிறது என்று ஒயிட்ஹெட் சொல்லவே இல்லை. 1929-இல் வந்த 'செயல்முறையும் மெய்ம்மையும்' நூலில், உலகம் அடிப்படையில் நிகழ்வுகளால் ஆனது, ஒவ்வொரு நிகழ்வும் தனக்கு முன்னால் நடந்ததை உள்ளே வாங்கிக்கொண்டுதான் உருவாகிறது என்கிறார். அந்த வாங்கிக்கொள்ளுதலுக்குத்தான் அவர் உணர்தல் என்று பேர் வைத்தார். பிரக்ஞை, அதாவது விழிப்போடு அறிகிற அறிவு, வேறு, நம் உடம்பைப் போல நிகழ்வுகள் நுட்பமாகக் கோத்துக்கொண்ட இடத்தில் அபூர்வமாக வருவது அது. கல் அந்த நிகழ்வுகளின் வெறும் கூட்டம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் மனம் உண்டு, கூட்டத்துக்கென்று தனியாக ஒரு மனம் கிடையாது, அந்த மாதிரி.

சின்ன வயசில் எங்க ஆச்சி என்னை அதே மண்டபத்துக்குக் கூட்டிப்போய், தூணில் காதை வைக்கச் சொல்லிவிட்டு விரலால் தட்டினாள். காதில் மட்டுமா கேட்டது? கன்னத்தில் ஏறியது, பல்லில் ஏறியது, கல் எங்கே முடிந்து நான் எங்கே தொடங்குகிறேன் என்று அந்த நிமிஷத்தில் கோடு போட முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. அண்ணாச்சி, தட்டிய விரல் இயற்கை, அதிர்ந்த கல் இயற்கை, வாங்கிய கன்னமும் இயற்கை. கேட்டது மட்டும் எந்த வாசல் வழியாக வெளியே போனது, அதைச் சொல்லுங்கள்.