காசு அடித்த இடத்தில் இழுத்த நூல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆரி வேலையும் ஜர்தோசியும் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஜர்தோசி என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். பாரசீக மொழியில் ஜர் என்றால் பொன். தோஸ் என்றால் தைப்பவர். இதே சொல் துருக்கிக்கும் போயிருக்கிறது. உதுமானியப் பேரரசில் பொன்னிழையால் பூவேலை செய்தவர்களை ஜெர்தூஸ் என்றார்கள். அவர்கள் கைபட்ட பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் பட்டுச் சுருக்குப் பை. அங்கே அதன் பெயர் கெசே.

அந்தக் காலத்துத் துருக்கிய உடையில் கைச்சாமான்கள் இருந்த இடம் பெரும்பாலும் இடுப்புக் கச்சையின் மடிப்பு, இல்லையென்றால் மார்புப் பக்கம், அங்கியின் உட்புறம். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பை. காசுக்கு ஒன்று, புகையிலைக்கு ஒன்று, சீப்புக்கு ஒன்று. முத்திரைக்குத் தனிப் பை. கையெழுத்துக்குப் பதில் முத்திரை பதித்த காலம் அது. அதைத் தொலைத்தவர் தன் கையெழுத்தையே தொலைத்தவர். பிறகு பாக்கெட் கடிகாரம் வந்தது. துருக்கியச் சந்தைக்கென்றே துருக்கிய எண்களை முகப்பில் எழுதி லண்டனில் கடிகாரங்கள் செய்தார்கள். அவை துருக்கிக்கு வந்ததும் பூவேலைப் பைக்குள் போயின.

பையின் அழகைச் சொல்வதற்கு முன் அந்த நூலைச் சொல்ல வேண்டும். வெள்ளிக் கட்டிக்குப் பொன்முலாம் பூசி, துளைத் தகட்டின் வழியே இழுத்து இழுத்து மயிரிழைக் கம்பியாக்குவார்கள். அதைத் தட்டையாக்கிப் பட்டு நூலின் மேல் சுற்றினால் ஜரிகை. பொன் ஜரிகைக்கு உள்ளே மஞ்சள் பட்டு, வெள்ளி ஜரிகைக்கு வெள்ளைப் பட்டு. சுற்றின் இடுக்கில் தெரியும் பட்டும் உலோகத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டுமே, அதற்காகத்தான்.

இதில் அரசாங்கத்துக்கு ஒரு கவலை இருந்தது. நூலாகப் போகிற வெள்ளி காசாக வராது. அதனால் கம்பி இழுக்கும் தொழில் அரசின் கண்காணிப்பில் நடந்தது. இஸ்தான்புல்லில் பெயாசித் பகுதியில் சிம்கெஷ்ஹானே என்று ஒரு கட்டடம் இருக்கிறது. வெள்ளி இழுக்கும் வீடு என்று பொருள். சுல்தான் மூன்றாம் அகமதின் தாய் குல்நூஷ் சுல்தான் 1707-இல் கட்டுவித்தது. சாலையை அகலப்படுத்தியபோது முன்பக்கம் இடிபட்டுப்போனது. மிச்சம் இன்று நூலகம். அந்த இடத்தில் அதற்கு முன்னால் இருந்தது என்ன தெரியுமா? நாணயச் சாலை. காசு அடித்த இடத்திலேயே நூல் இழுத்திருக்கிறார்கள். அந்த நூலால் தைத்த பைக்குள் காசைப் போட்டு முடிந்திருக்கிறார்கள். கணக்கு வழக்கில்கூட 'ஒரு கெசே' என்றால் 500 குருஷ், அதாவது அந்த நாட்டு வெள்ளிக் காசு ஐந்நூறு. பையின் பெயரே பணத்தின் அளவாகிவிட்டது.

வெள்ளியை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் தையலுக்குள்ளும் இருக்கிறது. துருக்கி மொழியில் திவால் வேலை என்று ஒரு தையல். மராஷ் நகரம் இதற்குப் பேர்பெற்றது. பூவை அட்டையில் வெட்டித் துணிமேல் ஒட்டுவார்கள். ஜரிகையை அட்டைக்கு மேலேயே இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஓட்டி, ஓரங்களில் அடியிலிருந்து மெழுகு நூல் வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஜரிகை துணியைத் துளைத்துப் பின்பக்கம் போவதே இல்லை. முன்னால் அச்சில் வார்த்தது போலப் புடைத்து நிற்கும் பூ. பின்னால் வெறும் மெழுகு நூல். எந்தத் தையலையும் திருப்பிப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தச் சிக்கனம் பெரிய அழகாகத் தெரிகிறது. கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையலும் அங்கே உண்டு, சூஸெனி என்பார்கள். நம் ஊரில் பிளவுஸில் போடும் ஆரி வேலை அதே தையல்தான்.

பூக்களில் துலிப், கார்னேஷன், ரோஜா, ஹையசிந்த். அவர்கள் விரும்பிய துலிப் குண்டுப் பூ அல்ல. இதழ் நுனி ஊசிபோல் கூர்ந்த ஒல்லிப் பூ. துலிப்புக்கு லாலே என்று பெயர். அரபு எழுத்தில் அல்லாஹ் என்ற பெயரின் எழுத்துகளும் லாலேயின் எழுத்துகளும் ஒன்றே, வரிசைதான் வேறு. பூவுக்கு அத்தனை மதிப்பு வந்ததில் இதற்கும் பங்குண்டு. பின்னாளில் ஐரோப்பியச் செல்வாக்கால் ரிப்பன் முடிச்சுகளும் பூக்கூடைகளும் வந்தன. என் மனம் என்னவோ பழைய ஒல்லித் துலிப்பிடமே போகிறது. ஐரோப்பிய வணிகர்களுக்காகத் தோலில் வெள்ளி ஜரிகையால் தைத்த பணப்பைகளும் உண்டு. வாங்கியவர் பெயர், ஆண்டு, கான்ஸ்டான்டினோபிள் என்ற இஸ்தான்புல்லின் பழைய ஊர்ப்பெயர் எல்லாம் நூலிலேயே எழுதியிருக்கும்.

1829-இல் சுல்தான் இரண்டாம் மகமூத் அதிகாரிகளுக்கு குஞ்சம் வைத்த சிவப்பு ஃபெஸ் தொப்பியும் புது உடையும் கட்டாயமாக்கினார். ஐரோப்பியக் கோட்டில் பாக்கெட் இருந்தது. 1840-இல் காகிதப் பணமும் வந்தது. கச்சை போன பிறகு கெசேவுக்கு இடுப்பில் இடமில்லை. ஆனால் பேச்சில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தவரை 'கெசெனே பெரெகெத்', உன் பை நிறையட்டும் என்று இன்றும் வாழ்த்துகிறார்கள்.

பழைய கெசே ஒன்றைப் பார்க்க வாய்த்தால் முதலில் அதன் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். தினமும் விரல் பட்டுத் தேய்ந்த இடம் அது. பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு உரிந்துபோய், உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் பட்டு அங்கே வெளியே தெரியும்.

நன்றி, வணக்கம்.