தந்தியில் வந்த மணி

வணக்கம் நேயர்களே. போக்குவரத்தும் தகவல் தொடர்பும் நம் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றின என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் வேகத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் மணியைப் பற்றிப் பேசப் போகிறேன். சுவரில் தொங்குகிறதே கடிகாரம், அது காட்டுகிற மணி. அதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது ரயிலும் தந்தியும்தான் என்பது என் கட்சி. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதைச் சொல்லி ஆட்களை எழுந்து ஓட வைத்திருக்கிறேன். இன்றைக்கு நீங்கள் அகப்பட்டீர்கள்.

அதற்கு முன்னால் நேரமே இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லாமல்? நாழிகை இருந்தது, ஜாமம் இருந்தது. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், நாளுக்கு 60 நாழிகை. பஞ்சாங்கம் புரட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் தெரியும். ஆனால் அது அந்தந்த ஊர்ச் சூரியனோடு ஓடிய கணக்கு. சென்னையில் உச்சி வெயில் அடித்து 13 நிமிஷம் போல ஆன பிறகுதான் கோயம்புத்தூரில் உச்சி. மாட்டுவண்டி கட்டிப் போனவனுக்கு இந்த 13 நிமிஷம் கண்ணிலேயே படாது. போய்ச் சேரவே நாள் கணக்கு, இதில் நிமிஷத்தை யார் பார்த்தார்கள்?

ரயில் வந்ததும் அது கண்ணில் பட்டது. தென்னிந்தியாவின் முதல் வண்டி 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அப்புறம் தண்டவாளம் நீண்டுகொண்டே போனது. பெரும்பாலும் ஒற்றை லைன். இந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி, அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி. இரண்டு ஸ்டேஷனிலும் கடிகாரம் வேறு வேறு மணி காட்டினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே மணி வேண்டும். அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கத் தந்திக் கம்பி கூடவே ஓடியது.

சரி, அந்த ஒரே மணி எந்த ஊர் மணி? இங்கேதான் எனக்குப் பெருமை தாங்காது. நம்ம நுங்கம்பாக்கம்! இன்றைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கிற அந்த வளாகத்தில்தான் மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. கோல்டிங்காம் என்கிற வானியலாளர் 1802-இல் கணக்கிட்டு வைத்தார், மெட்ராஸ் நேரம் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது என்று. பிற்பாடு, 1870 வாக்கில், பம்பாய், கல்கத்தா உட்பட இந்திய ரயில்வே முழுக்க இந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். மெட்ராஸ் நடுவில் விழுந்தது. தந்தி வழியாக மணி அனுப்புகிற ஏற்பாடும் இங்கே இருந்தது. பம்பாய்க்காரர் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் ஊர் மணியோடு அரை மணி கூட்டிக் கணக்குப் போட வேண்டும். நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்துக்குப் பயந்து பம்பாய்க்காரர் ஓடியிருக்கிறார், நினைத்துப் பாருங்கள்.

1906 ஜனவரி 1-ஆம் தேதி இப்போதைய இந்திய நேரம் வந்தது. நமக்கு வித்தியாசம் ஒன்பது நிமிஷம்கூட முழுசாக இல்லை. பம்பாய்க்கோ 39 நிமிஷம். அவர்கள் லேசில் விடவில்லை. பழைய பம்பாய் நேரம் அந்த ஊரில் 1955 வரை உயிரோடு இருந்தது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். தென்காசிப் பக்கம், மீட்டர் கேஜ் காலம், ஒரு சின்ன ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரம், வெளியே ஒரு டீக்கடை, அந்தாண்டை ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவரிடம் கடிகாரம் கிடையாது. காலை பாசஞ்சர் சிக்னலைத் தாண்டிக் கூவினால் மணியை அடிப்பார். வண்டி சரியாக வருகிற நாளில் இதில் ஒரு தப்பும் இல்லை. வண்டி என்றைக்குச் சரியாக வந்தது?

ஒரு நாள் நாற்பது நிமிஷம் லேட். பிள்ளைகள் மைதானத்தில் நாற்பது நிமிஷம் பந்து விளையாடியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் நேராக என் ரூமுக்குள் வந்துவிட்டார். "என்ன சார், உங்க வண்டி லேட்டுன்னா எங்க பள்ளிக்கூடமும் லேட்டா?" என்றார். "சார், மணி அடிக்கிறது உங்க ஆளு, என் ஆளு இல்லையே" என்றேன். "ஊர்ல வேற எங்க சார் மணி இருக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்விதானே!

ரயில்வேயில் ஒரு விதி உண்டு, வெளியே பலருக்குத் தெரியாது. தினமும் 16 மணிக்கு, அதாவது மாலை நாலு மணிக்கு, முக்கியமான ஸ்டேஷன்களுக்கெல்லாம் சரியான நேரத்தை அறிவிக்க வேண்டும். முதலில் தந்தியில் வந்தது, என் காலத்தில் கண்ட்ரோல் போனில், அதாவது வண்டிப் போக்கைக் கவனிக்கிற அலுவலகத்தோடு எல்லா ஸ்டேஷனையும் இணைக்கிற போனில், வந்தது. நாலு அடிக்கச் சற்று முன்னாலேயே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். லைனில் இருக்கிற எல்லா ஸ்டேஷன்காரர்களும் இருப்பார்கள். ஒருத்தர் இருமுவது இன்னொருத்தருக்குக் கேட்கும். கண்ட்ரோலர் "பதினாறு மணி" என்பார். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஆள்காட்டி விரலால் பெரிய முள்ளைத் தள்ளி நிறுத்துவேன். வண்டியின் கடைசியில் வருகிற கார்டு தன் கைக்கடிகாரத்தை ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு டிரைவருக்கு மணி சொல்வார். அப்படி இறங்கி இறங்கி வருகிற மணி அது.

தலைமையாசிரியரிடம், "நாலு மணிக்கு வாங்க சார், நான் மணி தர்றேன்" என்றேன். மறுநாள் எச்.எம்.டி. வாட்சோடு வந்து நின்றார். நான் முள்ளைத் தள்ளினேன், அவர் சாவியைத் திருகினார். அடுத்த வாரம் டீக்கடைக்காரர் தன் டைம்பீஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு தையல்காரர். பிறகு பிள்ளையார் கோயில் குருக்கள். "உங்களுக்கு எதுக்கு சாமி, சூரியன் இருக்கே?" என்று கேட்டேன். "சூரியனப் பார்த்துப் பூஜை பண்ணா ஜனங்க வர்றதில்ல சார், ஆறு மணின்னு சொன்னாத்தான் வர்றா" என்றார்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. ரயிலில் ஏறாதவனையும் ரயில் மாற்றியது. அந்தக் குருக்கள் எங்கள் வண்டியில் ஏறி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய சாயரட்சைப் பூஜை, அந்தச் சாயங்காலப் பூஜை, ரயில்வே மணியில் நடந்தது.

இன்னும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராகு காலம். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனால் திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை என்று வரிசையாக வரும். மூலக் கணக்கு என்ன? சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு. சூரியன் ஆறு மணிக்கு உதித்தால்தான் ஏழரை சரி. ஜனவரிக் கடைசியில் சென்னையில் சூரியன் எழவே ஆறரை தாண்டிவிடும். அப்போது திங்கட்கிழமை ராகு காலம் எட்டு மணிக்குத்தானே தொடங்க வேண்டும்? தினசரிக் காலண்டரில் ஏழரை என்றுதான் அச்சாகியிருக்கும். நாமும் ஏழரைக்கு முன்னால் அவசர அவசரமாக வாசலைத் தாண்டுகிறோம். ராகுவே இந்திய நேரத்துக்கு வந்துவிட்டார், நாம் எம்மாத்திரம்!

வானொலியில் உட்கார்ந்துகொண்டு வானொலியைச் சொல்லாமல் போனால் பாவம். ஸ்டேஷன் இல்லாத ஊருக்கு மணி கொண்டுபோனது இதுதான். காலை ஏழேகால், "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று குரல் வந்தால் எத்தனை வீடுகளில் குக்கர் அடுப்பில் ஏறியது! செய்தியைக் கேட்டார்களோ இல்லையோ, மணியைக் கேட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். பாக்கி இருப்பது ஒரு நிமிஷமா, இரண்டா தெரியவில்லை. வெளியூருக்குப் போன் பேசப் போன எஸ்.டி.டி. பூத்தையும், கட்டணம் குறையும் என்று ராத்திரி அதன் வாசலில் நின்ற வரிசையையும் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். அதை மடித்துவிட்டு செல்போனுக்குத் தாவுகிறேன்.

என் கட்சி இதுதான். ரயில் கொடுத்த நிமிஷத்தைச் செல்போன் மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. முன்பு ஒருத்தரை சென்ட்ரலில் சந்திக்க வேண்டுமானால் இந்த மணி, இந்த இடம் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுத வேண்டும், தவறினால் தவறியதுதான். இப்போது என் பேத்தி தோழியைப் பார்க்கக் கிளம்புகிறாள். "எத்தனை மணிக்கும்மா?" என்றேன். "அவ கிளம்பினதும் மெசேஜ் போடுவா தாத்தா" என்கிறாள். எங்கே என்றால், லொகேஷன் அனுப்புவாளாம். போனில் விநாடி சுத்தமாக மணி ஓடுகிறது, ஆனால் பேச்சில் மணியே இல்லை. "வந்துட்டே இருக்கேன்" என்பது எத்தனை நிமிஷம் என்று எந்தக் கண்ட்ரோலராலும் சொல்ல முடியாது. இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால்... சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டார்கள். சிவப்பைப் பார்த்தும் வண்டியை நகர்த்திப் பழக்கமில்லை எனக்கு. வணக்கம்.